டெட்ராய்ட்டின் ஐ-375: ஒரு மைல் கிளைச் சாலையின் பாதையும் கட்டுமானமும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகர மையத்தின் கிழக்கு ஓரமாக ஐ-375 என்ற விரைவுச்சாலை ஓடுகிறது. மொத்த நீளம் 1.06 மைல், அதாவது 1.7 கிலோமீட்டர். போக்குவரத்து நெரிசல் இல்லாத நேரத்தில் காரில் போனால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இந்தச் சின்னத் துண்டைப் போடுவதற்காக ஒரு கடைத்தெருவையே அழித்தார்கள். இப்போது 60 ஆண்டுகள் கழித்து, அதே துண்டை மூடிவிட்டு மறுபடியும் ஒரு தெரு போடத் திட்டமிட்டிருக்கிறார்கள். சாலை எப்படி வந்தது, யாருக்காக வந்தது, அதை எடுத்தால் கிடைக்கும் நிலம் யாருக்குப் போகும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கதை விளங்கும் என்பது என் எண்ணம்.

பாதை

அமெரிக்க மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில் மூன்று இலக்க எண் வந்தால் அது ஏதோ ஒரு பெரிய சாலையின் கிளை. முதல் இலக்கம் ஒற்றைப்படை என்றால், பெரிய சாலையிலிருந்து பிரிந்து ஓர் இடத்தில் போய் நின்றுவிடும் கிளை என்று பொதுவாக அர்த்தம். இரட்டைப்படை என்றால் சுற்றி வந்து திரும்பவும் சேரும் கிளை. 375 என்பது 75-இன் கிளை. அந்த ஐ-75 தெற்கே ஃபுளோரிடாவில் ஆரம்பித்து, டெட்ராய்ட் வழியாக, கனடா எல்லையில் இருக்கும் சூ செயின்ட் மரி வரை போகிற நீளமான சாலை. அதோடு ஒப்பிட்டால் ஐ-375 ஒன்றுமே இல்லை.

தெற்கே ஆற்றங்கரையை ஒட்டிய ஜெஃபர்சன் அவென்யூவில் தொடங்குகிறது. அங்கிருந்து வடக்கே வளைந்து, நிலமட்டத்துக்குக் கீழே வெட்டிய ஒரு பள்ளத்துக்குள் இறங்குகிறது. லார்னெட், லஃபாயெட், கிராஷியட் தெருக்கள் அதன் தலைக்கு மேலே பாலங்களில் கடக்கின்றன. மேற்கே கிரீக்டவுன், அதன் சூதாட்ட விடுதி, கொஞ்சம் வடக்கே தள்ளி ஃபோர்டு ஃபீல்டு என்ற அமெரிக்கக் கால்பந்து அரங்கம். கிழக்கே லஃபாயெட் பார்க் என்ற, மரங்கள் அடர்ந்த குடியிருப்பு. பள்ளத்தின் இரு கரையிலும் சர்வீஸ் ரோடு. பாலம் இல்லாத குறுக்குத் தெருக்கள் எல்லாம் கரையோடு முட்டி நிற்கின்றன.

வடக்கு முனையில்தான் பொறியியல் ரீதியாகச் சுவாரஸ்யமான விஷயம் இருக்கிறது. அந்தச் சந்திப்பில் நான்கு கைகள். வடக்குக் கையும் மேற்குக் கையும் ஐ-75-இன் பகுதிகள்; ஒன்றுக்கு கிரைஸ்லர் விரைவுச்சாலை, மற்றதற்கு ஃபிஷர் விரைவுச்சாலை என்று பெயர். வடக்கிலிருந்து வரும் கிரைஸ்லர் விரைவுச்சாலையில் நேராகப் போனால் ஐ-375-க்குள் இறங்கிவிடுவீர்கள். மேற்கிலிருந்து வரும் ஃபிஷர் விரைவுச்சாலையில் நேராகப் போனால் கிராஷியட் அவென்யூவுக்குப் போகும் இணைப்புச் சாலை. ஐ-75-இலேயே தொடர வேண்டும் என்றால் ராம்ப் என்ற இணைப்புச் சரிவுப்பாதையில் ஏறித் திரும்ப வேண்டும். நாட்டின் முக்கியமான சாலையில் போகிறவர் வேகத்தைக் குறைத்து வளைய வேண்டும். நகர மையத்துக்குப் போகிறவருக்கு நேர்வழி. இந்த வடிவமைப்பில் யாருடைய வசதி முன்னால் வைக்கப்பட்டது என்று சாலையின் அமைப்பே காட்டிக்கொடுக்கிறது. புறநகரில் வீடு வாங்கிக் குடியேறியவர்களை காலையில் அலுவலக வாசல் வரை கொண்டுவந்து விடுவதும், மாலையில் திருப்பி அனுப்புவதும்தான் இந்தக் கிளையின் வேலை. ஊரைக் கடந்து எங்கோ போகிறவர்களுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

சாலைக்கு முன்னால் இருந்தது

இந்தப் பள்ளம் வெட்டப்பட்ட கோட்டில் முன்பு ஹேஸ்டிங்ஸ் தெரு இருந்தது. கிராஷியட் அவென்யூவுக்குத் தெற்கே இருந்த பகுதிக்கு பிளாக் பாட்டம் என்று பெயர். கறுப்பின மக்கள் வாழ்ந்ததால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிப் பயிர் செய்த காலத்தில், அங்கிருந்த கரிய வளமான மண்ணைப் பார்த்து வைத்த பெயர் அது. கிராஷியட்டுக்கு வடக்கே கடைகளும் கேளிக்கை விடுதிகளும் நிறைந்த பாரடைஸ் வேலி. இரண்டையும் ஊடுருவிப் போனது ஹேஸ்டிங்ஸ் தெரு.

அந்தத் தெருவில் முதலில் ஜெர்மானியர்கள், பிறகு யூதர்கள், இத்தாலியர்கள் என்று வந்தேறிகள் வாழ்ந்தார்கள். 1914-இல் ஃபோர்டு நிறுவனம் நாள் கூலி 5 டாலர் என்று அறிவித்தது. முதல் உலகப் போர் வந்து ஐரோப்பாவிலிருந்து ஆள் வரத்து நின்றுபோனது. அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் ரயில் ரயிலாக டெட்ராய்ட்டுக்கு வந்தார்கள். 1910-இல் நகரத்தில் 6,000 பேர்கூட இல்லாத கறுப்பின மக்கள்தொகை 1930-இல் 1,20,000 ஆனது, 1950-இல் 3,00,000-ஐத் தொட்டது.

ஆனால் அவர்கள் எங்கே வேண்டுமானாலும் வீடு எடுக்க முடியாது. நகரத்தின் பெரும்பகுதியில் சொத்துப் பத்திரத்திலேயே 'வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது' என்று நிபந்தனை எழுதியிருந்தார்கள். இந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல்தான் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் ஒன்று டெட்ராய்ட்டிலிருந்தே போனது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும் பல வருடங்களுக்கு, வந்தவர்களில் பெரும்பாலோர் பிளாக் பாட்டத்திலும் பாரடைஸ் வேலியிலும்தான் அடைந்து கிடந்தார்கள். ஒரு குடும்பம் இருக்க வேண்டிய மர வீட்டில் மூன்று, நான்கு குடும்பங்கள். பல வீடுகளில் உள்ளே கழிப்பறை இல்லை. வாடகையோ அதிகம், ஏனென்றால் வேறு இடத்துக்குப் போக வழியில்லை.

நெருக்கடி உண்மை. அதே அளவுக்கு உண்மை, அந்தத் தெருக்களில் ஒரு முழுமையான ஊர் இயங்கியது என்பது. மருத்துவர், வக்கீல், மருந்துக்கடை, சவ அடக்க நிலையம், ஹோட்டல், முடிதிருத்தகம், இசை விடுதி, தேவாலயம் எல்லாமே கறுப்பின மக்களே நடத்தியவை. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் வளர்ந்ததும், பின்னாளில் டெட்ராய்ட்டின் முதல் கறுப்பின மேயரான கோல்மன் யங் வளர்ந்ததும் இந்தப் பகுதியில்தான். ஹேஸ்டிங்ஸ் தெருவில் ஜோ வான் பேட்டில் ஒரு இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். கடையின் பின்பக்கமே ஒலிப்பதிவு அறை. அதே தெருவில் இருந்த நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் சி. எல். ஃபிராங்க்ளினின் பிரசங்கங்களைத் தட்டுகளாக்கி விற்றவர் அவர். போதகரின் மகள், பின்னாளில் பெரிய பாடகியான அரீதா ஃபிராங்க்ளின் சின்ன வயதில் பாடியதை முதலில் பதிவு செய்தவரும் அவரே.

கடையும் தேவாலயமும் இருந்தது ஹேஸ்டிங்ஸின் வடக்குப் பகுதியில். இன்று அது ஐ-375 என்ற எண் தாங்கிய துண்டு அல்ல, அதன் தொடர்ச்சியான ஐ-75. எண்தான் மாறுகிறது, கிரைஸ்லர் விரைவுச்சாலை என்று ஒரே திட்டமாகப் போட்டு, ஒரே தெருவை நீள வாட்டில் அழித்ததுதான் நடந்தது.

இரண்டு முறை விழுந்த அடி

பிளாக் பாட்டத்தை ஐ-375 அழித்தது என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. கால வரிசையைப் பார்க்க வேண்டும்.

1946-இல் அன்றைய மேயர் எட்வர்ட் ஜெஃப்ரீஸ் 'டெட்ராய்ட் திட்டம்' என்று ஒன்றை முன்வைத்தார். சேரி என்று முத்திரை குத்திய நிலத்தை நகராட்சி கையகப்படுத்தி, கட்டிடங்களை இடித்து, தனியார் கட்டுமான நிறுவனங்களுக்கு வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்பது என்பது அதன் சாரம். 1949-இல் மத்திய வீட்டுவசதிச் சட்டம் வந்ததும் இதற்குப் பணமும் கிடைத்தது. கிராஷியட் திட்டப் பகுதி என்று 129 ஏக்கரைக் குறித்தார்கள். 1950-இல் மேயராக வந்த ஆல்பர்ட் கோபோ இதை வேகப்படுத்தினார். கூடவே, நகர எல்லையோர வெள்ளையர் பகுதிகளில் கட்டத் திட்டமிட்டிருந்த பொதுக் குடியிருப்புகளை ரத்தும் செய்தார். ஒரு கையால் வீட்டை இடித்து, மறுகையால் மாற்று வீட்டையும் தடுத்த இந்த முடிவுதான் மொத்த விவகாரத்திலும் எனக்கு மிகக் கொடுமையாகப் படுகிறது. சாலை பின்னால் வந்தது. போக இடம் இல்லாமல் செய்தது அதற்கு முன்பே நடந்துவிட்டது.

குடும்பங்கள் 1950-களின் முதல் பாதியில் வெளியேற்றப்பட்டன. இடித்த நிலத்தை வாங்க ஆள் வரவில்லை. வருடக்கணக்கில் களை மண்டிக் கிடந்தது. 1954-இல் தொழிற்சங்கத் தலைவர் வால்டர் ராய்தர் முன்கையெடுத்து ஒரு குடிமக்கள் குழு அமைந்தது. அதற்கு அப்புறம்தான் சிகாகோ கட்டுமானக்காரர் ஹெர்பர்ட் கிரீன்வால்ட் உள்ளே வந்தார். கட்டிடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, நகரத் திட்டமிடுநர் லுட்விக் ஹில்பர்சைமர், தோட்டக் கலைஞர் ஆல்ஃபிரட் கால்ட்வெல் மூவரும் சேர்ந்து வடிவமைத்த லஃபாயெட் பார்க்கில் முதல் அடுக்குமாடி 1958-இல் எழுந்தது. அடுத்த ஆண்டு கிரீன்வால்ட் விமான விபத்தில் இறந்துபோக, திட்டத்தின் மீதியைப் பலர் கைமாற்றிக் கட்டினார்கள். கட்டிடக்கலையாகப் பார்த்தால் அருமையான வேலை. 2015-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியும் பெற்றது. ஆனால் அங்கிருந்து துரத்தப்பட்டவர்களில் பெரும்பாலோரால் அந்த வாடகையைக் கொடுத்திருக்க முடியாது.

ஆக, சாலை வேலை ஆரம்பித்த 1959-இல், தெருவுக்குக் கிழக்கே இருந்த ஊர் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்தது ஹேஸ்டிங்ஸ் தெருவின் கடைவரிசையும், வடக்கே பாரடைஸ் வேலியும். இரண்டாவது அடி அவற்றின் மேல் விழுந்தது.

கட்டுமானம்

இந்தச் சாலைக்கு முதலில் ஓக்லண்ட்-ஹேஸ்டிங்ஸ் விரைவுச்சாலை என்றுதான் பெயர். பிற்பாடுதான் கார் நிறுவனத்தை நிறுவிய வால்டர் கிரைஸ்லரின் பெயர் வைத்தார்கள். பள்ளத்தில் ஓடும் விரைவுச்சாலை டெட்ராய்ட்டுக்குப் புதிதல்ல. பக்கத்திலேயே ஹைலண்ட் பார்க்கில் 1942-இல் டேவிசன் விரைவுச்சாலை அப்படித்தான் போடப்பட்டது. 1950-களில் லாட்ஜ், எட்செல் ஃபோர்டு சாலைகள் வந்தன. பள்ளம் வெட்டினால் சத்தம் குறையும், குறுக்குத் தெருக்கள் பழைய மட்டத்திலேயே பாலத்தில் போகலாம், ஓட்டுகிறவருக்கு சிக்னலே கிடையாது என்பவை அதற்குச் சொன்ன காரணங்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாக் குறுக்குத் தெருவுக்கும் யாரும் பாலம் கட்டித் தருவதில்லை. பள்ளத்தில் சேரும் மழைநீரைப் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2014 ஆகஸ்டிலும் 2021 ஜூனிலும் பெய்த பெருமழையில் டெட்ராய்ட்டின் பள்ளச் சாலைகள் பல குளமாகி, கார்கள் மூழ்கிக் கிடந்தன.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். 1956-இன் மத்திய நெடுஞ்சாலைச் சட்டப்படி, மாநிலங்களிடை நெடுஞ்சாலை என்று அங்கீகாரம் கிடைத்தால் செலவில் 90 சதவீதம் மத்திய அரசு தரும். ஒரு நகரம் தன் சொந்தக் காசில் ஒரு மைல் கிளைக்காக இவ்வளவு பெரிய பள்ளம் வெட்டுமா என்று கேட்டால், வெட்டாது. பத்தில் ஒன்பது பங்கு வெளியிலிருந்து வரும்போது கணக்கு மாறிவிடுகிறது. நகர மையத்து வியாபாரிகளுக்கு அப்போது பெரிய கவலையும் இருந்தது. 1954-இல் நகர மையத்தில் பெரிய கடை வைத்திருந்த ஹட்சன் பல்பொருள் அங்காடியே புறநகரான சவுத்ஃபீல்டில் நார்த்லண்ட் என்ற பெரிய வணிக வளாகத்தைத் திறந்திருந்தது. காரில் வருகிறவர்களுக்கு வழி போட்டுக் கொடுக்காவிட்டால் மையம் செத்துவிடும் என்று பயந்தார்கள்.

ஹேஸ்டிங்ஸ் தெருவின் வழியாகக் கோடு போட்டதற்கும் இதே மாதிரிக் கணக்குதான். அங்கே நிலம் மலிவு. கட்டிடங்கள் பழையவை. குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள், நகராட்சியில் அவர்களுக்காகப் பேச ஆள் இல்லை. அன்றைய சட்டத்தில் நஷ்டஈடு சொத்தின் உரிமையாளருக்கு மட்டும்தான். வாடகைக்கு இருந்த குடும்பத்துக்குக் கிடைத்தது காலி பண்ணச் சொல்லும் நோட்டீஸ். வாடகைக் கட்டிடத்தில் 20 வருடம் கடை நடத்தி வாடிக்கையாளரைச் சேர்த்தவருக்கு, அந்தச் சேர்மானத்துக்கு மதிப்பே இல்லை. ஊர் முழுக்கச் சிதறிப்போன வாடிக்கையாளர்களைத் தேடி அவர் எங்கே கடை போடுவார்? இடம்பெயர்க்கப்பட்ட எல்லோருக்கும் ஒரே சீரான உதவியைக் கட்டாயமாக்கிய மத்திய சட்டம் 1970-இல்தான் வந்தது. ஹேஸ்டிங்ஸ்காரர்களுக்கு அது 10 வருடம் தாமதம்.

1964 ஜூன் 12 அன்று ஐ-375 திறக்கப்பட்டது. செலவு சுமார் 5 கோடி டாலர். மேற்கிலிருந்து வரும் ஃபிஷர் விரைவுச்சாலை நகர மையத்தை எட்டி இந்தச் சந்திப்போடு சேர இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

போனவர்கள் எங்கே போனார்கள்

பலர் மேற்கே 12-ஆம் தெருவை ஒட்டிய பகுதிக்குப் போனார்கள். ஜோ வான் பேட்டிலின் கடையும் அங்கே போனது. நியூ பெத்தேல் தேவாலயம் 1963-இல் லின்வுட் அவென்யூவில் ஒரு பழைய திரையரங்கக் கட்டிடத்தில் புது இடம் கண்டது. ஏற்கெனவே நெரிசலாக இருந்த தெருக்களில் இன்னும் நெரிசல். 1967 ஜூலை 23 விடியற்காலையில், 12-ஆம் தெருவும் கிளேர்மவுண்ட்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மதுக்கூடத்தில் போலீஸ் சோதனை நடத்தியபோது கிளர்ச்சி வெடித்தது. ஐந்து நாட்களில் 43 பேர் இறந்தார்கள். ஜோ வான் பேட்டிலின் கடை அதில் அழிந்தது. இடம் மாற்றிப் பிழைத்த கடையை இரண்டாவது முறை இழந்தார்.

விரைவுச்சாலைதான் 1967-க்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். போலீஸ் அடக்குமுறை, வேலையிழப்பு, வீட்டுப் பாகுபாடு என்று பல காரணங்கள் இருந்தன. ஆனால் 12-ஆம் தெருவில் அத்தனை பேர் ஏன் நெருக்கியடித்துக்கொண்டு வாழ வேண்டியிருந்தது என்று கேட்டால், பதிலில் பெரிய பங்கு ஹேஸ்டிங்ஸ் தெருவுக்கு உண்டு.

நகர மையத்தைக் காப்பாற்றும் என்று சொன்னதாவது நடந்ததா? 1950-இல் 18.5 லட்சமாக இருந்த டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 2020-இல் 6.4 லட்சம். ஹட்சனின் நகர மையக் கடை 1983-இல் மூடப்பட்டது. உள்ளே வர போட்ட வழியே வெளியே போகவும் வழியானது.

சாலையை எடுக்கும் திட்டம்

2010-களில் பாலங்களும் தளமும் ஆயுள் முடியும் நிலைக்கு வந்தன. புதுப்பிப்பதா, வேறு மாதிரி செய்வதா என்று மாநிலப் போக்குவரத்துத் துறை ஆய்வு தொடங்கியது. கடைசியில் தேர்ந்தெடுத்தது, பள்ளத்தை நிரப்பி, நிலமட்டத்தில் சிக்னல்களோடு ஓர் அகலத் தெரு போடுவது. கூடவே வடக்குச் சந்திப்பைச் சீர்செய்து, ஐ-75-இல் போகிறவர்களுக்கு நேரான வழி கொடுப்பது. 2022 மார்ச்சில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஒப்புதல் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 10.46 கோடி டாலர் மத்திய மானியம் அறிவிக்கப்பட்டது. மொத்தச் செலவு அப்போது சுமார் 30 கோடி டாலர் என்று கணித்தார்கள்.

வரைபடங்கள் வெளியானதும் எதிர்ப்பும் வந்தது. புதுத் தெருவுக்கு ஆறு தடங்கள், சில இடங்களில் அதைவிட அதிகம். நடந்து கடக்கும் ஒரு முதியவருக்கோ பள்ளிப் பிள்ளைக்கோ இது தெருவா, இல்லை மேலே தூக்கி வைத்த விரைவுச்சாலையா என்று அக்கம்பக்கத்தவர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. உச்ச நேர நெரிசலை வைத்து அகலத்தை முடிவு செய்யும் பழக்கம்தான் 1959-இலும் இருந்தது.

அதைவிடப் பெரிய கேள்வி நிலம். பள்ளமும் அதன் ராம்ப்களும் போனால் சுமார் 30 ஏக்கர் மிச்சமாகும். நகர மையத்தை ஒட்டி, அரங்கங்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே இருக்கும் 30 ஏக்கர் பொன் விளையும் நிலம். மத்திய நிதியில் வாங்கிய சாலை நிலத்தை விற்றால் சந்தை விலைக்கே விற்க வேண்டும் என்பது பொது விதி. சமூகப் பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்டால், பணம் உள்ளவர் வாங்குவார். ஹேஸ்டிங்ஸ் தெருவின் பேரப்பிள்ளைகள் அங்கே ஒரு கடைகூடப் போட முடியாது.

மில்வாக்கி நகரம் இதில் ஒரு முன்னுதாரணம். அங்கே பார்க் ஈஸ்ட் என்ற இதே மாதிரியான கிளைச் சாலையை 2002-03-இல் இடித்தார்கள். சாலை போனது, தெருக்கள் திரும்பின, ஆனால் கிடைத்த நிலத்தில் கணிசமான பகுதி பல வருடம் காலியாகவே கிடந்தது. மேற்குப் பகுதியில் 2018-இல் திறந்த கூடைப்பந்து அரங்கம்தான் பெரிய மாற்றம். சாலையை எடுப்பது என்பது வேலையின் முதல் பாதிதான் என்று அங்கே தெரிந்தது.

டெட்ராய்ட்டில் வேலை இன்னும் அங்கேயும் போகவில்லை. செலவுக் கணக்கு 50 கோடி டாலரைத் தாண்டியதும், 2025 ஆகஸ்டில் மாநிலப் போக்குவரத்துத் துறை திட்டத்தை நிறுத்தி வைத்தது. பள்ளத்தில் கார்கள் வழக்கம்போல ஓடுகின்றன. இந்த இடைவெளியை வீண் என்று நினைக்க வேண்டியதில்லை. தெருவின் அகலத்தைக் குறைத்து மறுபடி வரையவும், அதற்கு முன்பாக 30 ஏக்கரில் எவ்வளவு பொது அறக்கட்டளைக்கு, எவ்வளவு மலிவு வாடகை வீட்டுக்கு, எவ்வளவு சிறு கடைகளுக்கு என்று மாநிலமும் நகராட்சியும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக எழுதவும் இப்போதுதான் நேரம் இருக்கிறது. பள்ளத்தை நிரப்ப முதல் லாரி மண் வருவதற்குள் அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகி இருக்க வேண்டும்.